வழக்கமான இடத்தில் வைத்த முகம்

மூன்றாவது மாடி அம்மா தன் வீட்டுக்காரரைச் சரியாகத் தொண்ணூறாவது நாள் குப்பையில் கொட்டிவிட்டாள் என்று தெருவில் ஒரு பேச்சு. உடம்பை அல்ல, உடம்புக்கு ஆகவேண்டியதெல்லாம் முதல் நாளே ஆகிவிட்டது. கம்ப்யூட்டருக்குள் இருந்த அவரை. "ஒரே தட்டுல தட்டிட்டாங்களாம். எத்தனை வருஷத்து மனுஷன்!" என்று முதல் மாடித் தையல்காரம்மா சொன்னதாகச் சொன்னார்கள். தையல்காரம்மாவிடமே போய்க் கேட்டால், தான் எதுவும் சொல்லவில்லை, காதில் விழுந்ததுதான் என்றார். யார் வாயிலிருந்து விழுந்தது என்று கேட்டதும் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கிவிட்டார். அந்த ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.

விசாரித்ததில் அகப்பட்ட முதல் பிழை, தொண்ணூறு இல்லை, நூற்றுப் பதினொன்று. இரண்டாவது, ஒரே தட்டு இல்லை. நிஜமாகவா என்று கம்ப்யூட்டர் ஒரு தடவை கேட்கும். ஆமாம் என்று இன்னொரு தட்டு தட்ட வேண்டும். ஆக இரண்டு தட்டு. மூன்றாவதாக ஒரு பிழையும் உண்டு. அதுதான் பெரியது என்பதால் அதற்கு நிதானமாகத்தான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

தெரு ஏன் தொண்ணூறு என்று முடிவுகட்டியது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. அந்த அம்மாவின் பெயரே தெருவில் தொண்ணூறுதான். பஸ் நிலையத்தில் எட்டாவது நடைமேடைக்குப் பின்னால், டிரைவர்கள் கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில், தொலைந்த பொருள் அறை என்று ஒன்று இருக்கிறது. இருபத்தாறு வருஷமாக அதன் மேனேஜர், குமாஸ்தா, காவலாளி எல்லாம் அவள் ஒருத்திதான். பஸ்ஸில் யார் எதை விட்டுப்போனாலும் கண்டக்டர் கொண்டுவந்து போடுவார். அவள் நூலில் சீட்டுக் கட்டி, தேதி எழுதி, அலமாரியில் வைப்பாள். தொண்ணூறு நாளுக்குள் வந்து அடையாளம் சொன்னால் பொருள் கிடைக்கும். தொண்ணூற்றோராவது நாள் அது சாக்குக்குள் போகும். குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு, பல்செட்டு. ஒரு தடவை கீலோடு ஒரு முழுக் கதவு வந்தது. கதவை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர் எதைத் திறந்து உள்ளே நுழைந்தாரோ தெரியாது, கடைசிவரை வரவில்லை. கதவும் போயிற்று.

தொண்ணூற்று மூன்றாம் நாள் மூச்சிரைக்க வந்து நிற்பவர்களும் உண்டு. "மூணு நாளைக்கு முன்னாடி எங்க போயிருந்தீங்க?" என்பாள். கல் மனசு என்று பேசிக்கொள்வார்கள். மனசு நன்றாகத்தான் இருந்தது, அலமாரிதான் சின்னது. "எல்லாத்தையும் வெச்சுக்கிட்டே இருந்தா, நாளைக்கு வர்ற குடையை என் தலையிலயா வைக்கிறது?"

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவர், அறுந்த ரப்பர் வளையத்தைக்கூட முடிச்சுப் போட்டு எடுத்துவைக்கும் மனிதர். மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். முப்பது வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கியவர். மீட்டர்ப் பெட்டி வாசலுக்கு அருகில் இருக்கும். எதிர்ச் சுவரில் அந்த வீட்டின் பழைய படங்கள் தொங்கும். எண்ணைக் குறித்துக்கொண்டு படத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார். எந்த வீட்டில் யாருடைய படத்தில் பூஞ்சை ஏறுகிறது என்பது அந்த வீட்டுக்காரர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஓய்வு பெற்றதும் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கறை நீக்கி, கிழிசல் ஒட்டி, பிரிண்ட் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். கூலி கிடையாது. "மீட்டர் சார் தாத்தாவை நல்லாக் குளிப்பாட்டிக் குடுத்துட்டாரு" என்று தெருவில் சந்தோஷப்பட்டார்கள்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒரு காலத்தில் வீட்டில் திருட்டுப் போயிற்று. பீரோ, மெத்தை, மாவு டப்பா என்று எதையும் விடாமல் கிளறிய திருடன், மேஜைக்கடியில் இருந்த குப்பைக் கூடையை மட்டும் தொடவில்லை. அதைக் கவனித்தவர் மீட்டர் சார்தான். அன்றிலிருந்து வீட்டின் மாற்றுச் சாவி, அவளுடைய கம்மல், முக்கியமான ரசீது எல்லாம் குப்பைக் கூடையின் அடியில், விரித்த தாளுக்குக் கீழேதான். 'வழக்கமான இடம்' என்றால் அந்த வீட்டில் அதுதான். கூடையைக் கவிழ்க்கும் முன் தாளைத் தூக்கிப் பார்ப்பது அவள் கைக்குத் தானாக வந்துவிட்ட வேலை.

மகள் தன் இரண்டு பெண்களோடு லீவுக்கு வந்திருந்தபோது, அந்தக் குட்டிகள் கம்ப்யூட்டரில் தையல்காரம்மாவின் அம்மாவைத் திறந்து, முறுக்கு மீசை வரைந்து, சேமித்தும் விட்டன. அதற்குப் பிறகு மீட்டர் சார் அரைகுறை வேலைகளைத் திரையில் வைப்பதில்லை. எங்கே வைத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையைக் கழுவப் போனவர் குழாயடியிலேயே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

நூற்றுப் பத்தாவது நாள் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வரும்போது, தெருமுனைச் சாவிக்காரர் கடையிலிருந்து இறங்கி வந்தார். கடை என்றால் ஓர் ஆள் உட்காரும் தகரப் பெட்டி. தலைக்கு மேல் நானூறு சாவி தொங்கும். அறுபது வயது. எல்லாப் பெண்களையும் அம்மா என்பார். அக்கா என்று மட்டும் யாரையும் கூப்பிட மாட்டார்.

"அம்மா, தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க அண்ணே."

"மீட்டர் சார்கிட்ட எங்க அக்கா படம் குடுத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை வந்து, முடிஞ்சிடுச்சு, திங்கக்கிழமை பிரிண்ட் போட்டுடலாம்னாரு. நடுவுல…"

"நடுவுல ஞாயித்துக்கிழமை வந்துடுச்சு" என்று அவளே முடித்தாள். "இத்தனை நாளா கேக்காமயா இருந்தீங்க?"

"சாவு வீட்ல ஏறி, என் படம் எங்கன்னு கேக்க முடியுங்களா?"

அந்தப் படம் அவளுக்குத் தெரியும். பிஸ்கட் தொழிற்சாலையில் நாற்பது பெண்கள் வரிசையாக நின்று எடுத்தது. தாயும் தகப்பனும் போன பிறகு தம்பியை வளர்த்து, முதல் அரம் வாங்கிக் கொடுத்து, அவனுக்குப் பத்தொன்பது வயதானபோது கண்ணை மூடிய அக்கா மூன்றாவது வரிசையில் நிற்கிறாள். அவளுக்கு வேறு படமே கிடையாது. சட்டத்திலிருந்து பிரிக்கும்போது, எத்தனை பதமாகப் பிரித்தும், அக்காவின் முகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வந்து பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. மீட்டர் சார் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. நாலு மாதம் சாவிக்காரரை அருகில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல, அந்த முகத்தைத் திரும்ப வரைந்தார். அந்த முகம் இப்போது உலகத்தில் இருப்பது ஒரே ஓர் இடத்தில்தான்.

"நாளைக்கு எடுத்துத் தர்றேண்ணே" என்றாள்.

மறுநாள் வார விடுமுறை. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தாள். படம் பார்க்கும் புரோகிராம் பாதி வந்து நின்றது. இடம் இல்லை என்றது. உள்ளே போய்ப் பார்த்தால் ஹார்டு டிஸ்க்கின் கோடு முனைவரை சிவப்பு. மகளுக்குப் போன் போட்டாள்.

"அப்பா சேத்து வெச்சதுதான், வேறென்ன" என்றாள் மகள். அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரம் குரலில் இருந்தது. "அம்மா, மூலையில குப்பைத் தொட்டி மாதிரி ஒரு படம் இருக்கா?"

"இருக்கு. நிறைஞ்சிருக்கு."

"அதை முதல்ல காலி பண்ணு. தூக்கிப் போட்டதெல்லாம் அங்கதான் கெடக்கும். இடத்தை அடைச்சுக்கிட்டு."

"உங்கப்பா எதைடி தூக்கிப் போட்டாரு?"

"அதான் அதிசயம். காலி பண்ணும்மா, எனக்கு பஸ் போயிடும்."

அந்த அதிசயத்தில் கொஞ்சம் நின்றிருக்கலாம். வாழ்நாள் முழுக்க எதையும் தூக்கிப் போடாத மனிதரின் குப்பைத் தொட்டி ஏன் நிரம்பி வழிகிறது என்று இருவரில் ஒருத்திக்காவது உறைத்திருக்கலாம். ஒருத்திக்கு பஸ். இன்னொருத்திக்கு இருபத்தாறு வருஷத்துப் பழக்கம். திரை, நிரந்தரமாக நீக்கட்டுமா என்று கேட்டது. அந்தக் கேள்விக்கு ஆமாம் சொல்லித்தானே அவள் சம்பளம் வாங்குகிறாள்? தட்டினாள். சிவப்புக் கோடு சர்ரென்று சுருங்கி நீலமாயிற்று. அவளுக்கு ஒரு திருப்திகூட வந்தது. சாக்கு வெளியே போன மறுநாள் அலமாரியைப் பார்க்கும்போது வருமே, அது.

"இப்ப மேல ஒரு அப்டேட் கேக்கும் பாரு. ரெண்டு வருஷமா இடமில்லாம நிக்குது. அதையும் போட்டுடு, வேகமா ஓடும்" என்று சொல்லிவிட்டு மகள் போனை வைத்தாள். அதையும் போட்டாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் துணி துவைத்து உலர்த்திவிட்டாள்.

பிறகு தேட உட்கார்ந்தாள். கம்ப்யூட்டருக்குள் 'முடிந்தவை' என்ற அறையில் தெருவே இருந்தது. தாத்தாக்கள், கல்யாண ஜோடிகள், மீசை எடுக்கப்பட்ட தையல்காரம்மாவின் அம்மா. அக்கா இல்லை. ஒவ்வொரு அறையாகத் திறந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தட்டச்சுப் பலகையைக் கொஞ்சம் நகர்த்தியபோது அதன் அடியில் ஒட்டியிருந்த சின்னத் தாள் கையோடு வந்தது. மீட்டர் அட்டையில் எண்களை எழுதுவாரே, அதே நெட்டுக்குத்தான எழுத்து.

'அக்கா – வகிடு மாற்றியாயிற்று. வழக்கமான இடத்தில்.'

அப்பாடா என்று குனிந்து மேஜைக்கடியில் இருந்த குப்பைக் கூடையை இழுத்தாள். தாளைத் தூக்கினாள். மாற்றுச் சாவி இருந்தது. அதனருகில், இதுவரை பார்த்திராத ஒரு பித்தளைச் சாவி, துளை மட்டும் போட்டு வளையம் கோக்காதது. படம் எதுவும் இல்லை.

கூடையைக் கையில் பிடித்தபடியே தலை நிமிர்ந்தாள். திரையின் மூலையில், காலியாக, பளிச்சென்று இன்னொரு குப்பைத் தொட்டி நின்றுகொண்டிருந்தது.

மூன்றாவது பிழை இதுதான். அவள் கொட்டியது வீட்டுக்காரரை இல்லை. சாவிக்காரரின் அக்காவை.

பேரப் பிள்ளைகள் தொடாத இடம் எது என்று யோசித்த மீட்டர் சார், திருடன் தொடாத இடத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறார். காலையில் தொட்டியிலிருந்து எடுப்பார், வேலை செய்வார், சாயங்காலம் திரும்ப அதிலேயே போட்டுவிடுவார். கடை திறந்து மூடுவது மாதிரி. இதைப் பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. வழக்கமான இடம் எதுவென்று அவளுக்குத்தான் தெரியுமே! நிஜக் கூடையைக் கவிழ்க்கும் முன் தாளைத் தூக்கிப் பார்த்த கைக்கு, கண்ணாடித் திரையில் எந்தத் தாளைத் தூக்குவது என்று தெரியவில்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடைக்காரர் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, மேஜைமேல் துணி விரித்து வைத்தார். வாயாடி, துக்கமான விஷயத்தையும் உற்சாகமாகத்தான் சொல்ல வரும்.

"காலி பண்ணினது ஒரு தப்பே இல்லம்மா. காலி பண்ணின வீட்டுல சாமான் அப்படியேதான் கெடக்கும், பேர்ப் பலகையை மட்டும்தான் கழட்டுவாங்க. ஆனா நீங்க உடனே வேற ஆளைக் குடி வெச்சுட்டீங்க பாருங்க, அந்த அப்டேட்! அவன் உள்ள வந்து பழைய சாமானை மிதிச்சுப் போட்டுட்டான்."

"எதுவும் வராதா?"

"வரும். எது வரும்னு கேக்காதீங்க. பேர் இருக்காது, தேதி இருக்காது. நம்பர் போட்டு வரும்."

பேரும் தேதியும் இல்லாத பொருளைத் தன் அலமாரியில் அவள் ஒருநாளும் ஏற்றியதில்லை.

ஒன்பது நாள் கழித்து நாலாயிரத்துச் சொச்சம் துண்டுகள் வந்தன. பாதி படம், கால் படம், வெறும் சாம்பல் நிறம். அவற்றில் இருபத்து மூன்று, ஒரே பெண்ணின் முகம், மீட்டர் சார் வெவ்வேறு நாளில் வரைந்து சேமித்தவை. சாவிக்காரர் அன்று கடையைச் சாத்திவிட்டு வந்தார். மழை நாளில்கூடச் சாத்தாத கடை. ரிப்பேர்க் கடைக்காரர் இருபத்து மூன்றையும் வரிசையாகத் திரையில் பரப்பினார். ஒன்றில் மூக்கு கொஞ்சம் தூக்கல், ஒன்றில் கன்னம் ஒட்டியிருந்தது, ஒன்றில் ஒரு சிரிப்பு வந்துவிட்டு அடுத்ததில் போயிருந்தது.

சாவிக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் பின்னால் நின்றாள். தன் அறையில் சொல்லிப் பழகியதையே சொன்னாள்.

"அடையாளம் சொல்லுங்கண்ணே."

"வகிடு" என்றார். "நான் மொதல்ல இடதுன்னு சொல்லிட்டேன்மா. சாரும் அப்படியே போட்டுட்டாரு. கடைசி வாரத்துலதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. அக்கா வலது பக்கம் வகிடெடுத்து முடியை இடது பக்கமா இழுத்துச் சீவுவா. இடது நெத்தியில ஒரு தழும்பு, அது தெரியாம இருக்க. நான் சின்னப் பையனா இருக்கும்போது எறிஞ்ச கல்லு. அதைப் போய் மறந்திருக்கேன் பாருங்க. வெட்கப்பட்டுக்கிட்டேதான் சார்கிட்ட சொன்னேன். மாத்திடலாம்னாரு."

இருபத்து மூன்றிலும் வகிடு இடது பக்கம்.

"அட, இதுக்குப் போயா?" என்று ரிப்பேர்க் கடைக்காரர் மவுஸைப் பிடித்தார். "படத்தை அப்படியே இடம் வலமா திருப்பிட்டா வலதாயிடும். ஒரு நிமிஷ வேலை."

"திருப்பினா அக்கா கன்னத்து மச்சமும்தானே அந்தப் பக்கம் போகும்?" என்றார் சாவிக்காரர். கோபமில்லை, பாடம் சொல்லும் குரல்கூட இல்லை. "சாவியில பல்லை மாத்தி வெட்டிட்டு, திருப்பிப் போட்டுக்கோன்னா பூட்டு திறக்குமாங்க?"

கடைக்காரர் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"எல்லாம் அக்கா மாதிரிதான் இருக்கு. நல்லாத்தான் இருக்கு. ஆனா அக்கா இல்லை" என்று எழுந்தார் சாவிக்காரர். "ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போனா, நாளாக நாளாக அதுதான் அக்கான்னு எனக்கே தோண ஆரம்பிச்சுடும். வேணாம்மா."

அவள் பையில் கையை விட்டு அந்தப் பித்தளைச் சாவியை எடுத்தாள். "இது உங்களுதா? எங்க வீட்ல இருந்துச்சு. எந்தப் பூட்டுக்கும் சேரல."

வாங்கிய சாவிக்காரர் பார்க்கவில்லை. கட்டைவிரலை அதன் விளிம்பில் மேலிருந்து கீழே ஓட்டினார். ஒரு தடவை. நின்று, இன்னொரு தடவை.

"சார் மூக்கு எப்படி, மூக்கு எப்படின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. எனக்கு வாயில சொல்ல வரல. ஒரு வெத்துச் சாவியை எடுத்து அராவிக் குடுத்தேன். இதோ நெத்தி. இது மூக்கு இறங்குற இடம். இந்தச் சின்னப் பள்ளம் மேல் உதடு." விரல் தாடையில் வந்து நின்றது. "இது சரியா இருக்கு."

அவள் அழுதாளா என்று கேட்டால், ரிப்பேர்க் கடைக்காரர் தான் அந்த நேரம் வயர் சுற்றிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார்.

"நீங்களே வெச்சுக்குங்கண்ணே, உங்களுதுதானே" என்றாள் கடைசியில்.

"வேணாம்மா. அடையாளம் இல்லாம பொருள் தர மாட்டீங்களே, இதான் அடையாளம். அந்த நாலாயிரத்துல இன்னும் பாக்காதது இருக்குல்ல? படம் கெடைச்சா சரிபாக்க வேணும். ரெண்டையும் சேத்தே வாங்கிக்கிறேன்."

அதன்பிறகு ஒவ்வொரு வார விடுமுறைக்கும் நூறு துண்டு என்று பார்க்கிறாள். வீட்டு மேஜையில் கம்ப்யூட்டர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. பழைய டிஸ்க் துணியில் சுற்றி பீரோவில் இருக்கிறது. துண்டுகளின் நகலை மகள் அனுப்பிய மடிக்கணினியில் பார்க்கிறாள். ஒரு காது வரும், ஒரு கழுத்து வரும். வேறு யாருடையதாகவோ இருக்கும். ஒருமுறை ஒரு நெற்றி மட்டும் வந்தது, வலது வகிடோடு. அதன்கீழே வெறும் சாம்பல். அதை அவள் சாவிக்காரரிடம் சொல்லவில்லை. தொலைந்த பொருள் அறையில் விதி மாறவில்லை, தொண்ணூறு தொண்ணூறுதான். ஆனால் சாக்கை வாயைக் கட்டி அனுப்பும் முன் ஒரு தடவை தரையில் கவிழ்த்து, ஒவ்வொன்றாகப் பார்த்துத் திரும்ப அள்ளிப் போடுகிறாள் என்று கண்டக்டர்கள் சொல்கிறார்கள். அரைமணி நேரம் வீண் என்பது அவர்கள் கட்சி.

காலையில் வேலைக்குப் போகும்போது தகரப் பெட்டிக்கு முன்னால் நிற்பாள். "இன்னும் இல்லண்ணே." அவர் அரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "இருக்கட்டும்மா" என்பார். போன வாரம் மட்டும் அரம் நின்றது.

"நான் கேட்டு இன்னியோட தொண்ணூறு நாள் ஆகுது. உங்க கணக்குப்படி பாத்தா, இதை நீங்க தூக்கிப் போட்டுடலாமே?"

"அது என் அலமாரிக்கு உண்டான விதி" என்றாள் அவள். "உங்களுக்கு இல்லை."

அவள் சாவிக்கொத்தில் இப்போது ஒரு சாவி கூடுதலாகத் தொங்குகிறது. அவளுக்கு எங்கோ ஒரு ரகசிய லாக்கர் இருக்கிறது என்று தெருவில் புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. இதையும் தையல்காரம்மா சொல்லவில்லையாம். விசாரித்தாயிற்று. அந்தச் சாவிக்குப் பூட்டே கிடையாது. திருப்பிக் கொடுக்க வேண்டியது மட்டும் இருக்கிறது, ஒரு படத்தோடு சேர்த்து.